நடுப்பாதையில் ஒரு காட்டுவண்டி

மார்ச் 31, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, புறவழிச் சாலையோரம் இருக்கும் மர நர்சரியின் நடுப்பாதையில் பைப்காரர் தண்ணீர் விடத் தொடங்கினார். அந்தப் பாதையில் மரமோ செடியோ இல்லை.

பைப்காரர் பதினெட்டு வருடமாக அங்கே தண்ணீர் விடுகிறவர். வேண்டாத இடத்தில் ஒரு குவளை சிந்தினாலும் அன்றைக்கு முழுதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவரிடம்தான் சேறு செய்யச் சொல்லியிருந்தார்கள். சொன்னது முதலாளியம்மாவின் தம்பி.

தம்பிக்கு வயது முப்பத்தொன்று. மேடு, பள்ளம், சேறு, சரளை என்று பார்க்காமல் ஓடும் வண்டிகளை விற்கிற கடையில் மூன்று மாதமாக விற்பனையாளன். கடையில் அந்த வண்டிக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் காட்டுவண்டி என்றார்கள். முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் சாமான் ஏற்ற ஒரு பெட்டி, கதவு இருக்க வேண்டிய இடத்தில் காற்று, தலைக்கு மேல் இரும்புக் கம்பிக் கூண்டு, கீழே உப்பிய நான்கு டயர். ஜீப்பும் டிராக்டரும் சம்பந்தம் செய்துகொண்டது போலிருக்கும்.

வண்டியோடு வரும் அறுபத்துநான்கு பக்கக் கையேடு தம்பிக்கு மனப்பாடம். அக்காவின் கணவர், அதாவது மாமா, அவனுக்குக் 'கையேடு' என்றே பெயர் வைத்திருந்தார். மூன்று மாதத்தில் தம்பி விற்ற வண்டிகளின் எண்ணிக்கை பூஜ்யம். காலாண்டு அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. மேலாளர் முந்தின நாளே சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு வண்டி வித்துட்டா வேலை இருக்கு. இல்லேன்னா கம்பெனி கோட்டைத் துவைச்சு, தேய்ச்சு, மடிச்சுக் கொண்டுவந்து குடுத்துடு." கோட்டு ஆரஞ்சு நிறம். முதுகில் கடையின் பெயர் இருக்கும்.

தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது. பாக்கி இருந்தது அக்கா மட்டும்.

அக்காவுக்கு மறுக்கக் காரணம் இருந்தது. நர்சரியில் மூவாயிரத்து இருநூறு மரங்கள். எல்லாம் இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில், காற்றுக்குச் சாயாதபடி ஒரு சாண் மணலில் புதைத்து, நடுப்பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணும் மர எண்ணும் எழுதிய மஞ்சள் அட்டை.

"உன் வண்டி அகலம் என்ன?" என்று வியாழக்கிழமை மாலை கேட்டார் அக்கா.

"நூத்தி அறுபது சென்டிமீட்டர்க்கா. பக்கம் ஒன்பது."

"என் வரிசைக்கு நடுவுல இடம் நூத்தி இருபது. உன் வண்டி உள்ளயே போகாது. வாசல்ல நின்னுக்கிட்டு மரத்தை வா வான்னு கூப்பிடுமா?"

கையேட்டில் இதற்குப் பதில் இல்லை.

"ஏன்டா, நாலு ஆளு சேர்ந்து தள்ளுவண்டியில ஒரு மரத்தை வெளிய கொண்டுவர முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகுது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்களுக்குப் பன்னெண்டு மரம் போகணும். பதினொண்ணேகாலுக்கு லாரி வந்துடும். நாலு ஆள்ல ரெண்டு பேரு இடுப்புப் பிடிச்சுப் படுத்திருக்காங்க. இதுல உன் வண்டி வேடிக்கை வேற."

"பதினைஞ்சு நிமிஷம் குடுக்கா. சேத்துல ஓட்டிக் காட்டறேன். பாத்துட்டு வேணாம்னா வேணாம்."

"தம்பிங்கிறதுக்காகச் சோறு போடுவேன். வண்டி வாங்க மாட்டேன். பாக்கறேன், அவ்வளவுதான்."

நர்சரியில் சேறு கிடையாது. அதனால்தான் பைப்காரர்.

"என்ன மாதிரி சேறு தம்பி?" என்று கேட்டிருந்தார் அவர். தம்பி கையேட்டின் நான்காம் பக்கத்தை நீட்டினான். படத்தில் ஒரு காட்டுவண்டி சேற்றை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு பாய்ந்தது. பைப்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது மேல தெரியற சேறு. அடியில எவ்வளவு ஆழம்னு போடலையே."

"பாத்துச் செய்ங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பைப்காரர் விடியற்காலையிலேயே வந்து, நான்கு கஜ நீளத்துக்குப் பாதையை மண்வெட்டியால் கொத்தி, முழங்கால் ஆழத்துக்குப் பொலபொலவென்று ஆக்கிவிட்டு, பிறகுதான் குழாயைத் திறந்தார். ஒன்பதரை மணிக்கு அந்த இடம் காப்பி நிறத்தில் பளபளத்தது. ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி திரும்பி வரவில்லை. திருப்தியோடு குழாயைச் சுருட்டினார்.

தம்பி காட்டுவண்டியைக் கடையின் லாரியிலிருந்து இறக்கி ஓட்டி வந்தான். பக்கத்து இருக்கையில் மாமா. அக்கா பாதை ஓரத்தில் பட்டியல் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"சீட் பெல்ட் போடுங்க மாமா. கூண்டு நம்மளக் காப்பாத்தணும்னா நாம கூண்டுக்குள்ள இருக்கணும். பக்கம் பதினொண்ணு."

"போட்டாச்சு. நீ கிளப்பு மச்சான்."

வண்டி சேற்றில் இறங்கியது. வேகமாகப் போயிருந்தால் அந்தப் பக்கம் ஏறியிருக்கும். பின்னால் சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் அப்படித்தான் சொன்னார். ஆனால் தம்பிக்குச் சொல்ல நிறைய இருந்தது. சேற்றின் நட்டநடுவில் வண்டியை நிறுத்தி, எழுந்து, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"அக்கா, கவனி. சாதாரண வண்டிக்கு ரெண்டு சக்கரத்துக்குத்தான் இன்ஜின் பலம் போகும். இதுல ஒரு சுவிட்சைத் தட்டினா நாலுக்கும் போகும். பின்பெட்டியில நானூத்தி அம்பது கிலோ ஏத்தலாம். கொக்கியைத் தூக்கினா பெட்டி தானா சாஞ்சு மண்ணைக் கொட்டிடும். மண்வெட்டியே வேணாம்."

பைப்காரர் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கும். இந்தப் பக்கம் கல்லுல ஏறினா அந்தப் பக்கத்துக்குத் தெரியவே தெரியாது. மேட்டுல மெதுவா ஏற, பள்ளத்துல மெதுவா இறங்க, லோ கியர் இருக்கு. பின்னால கொக்கி போட்டு டிரெய்லர் இழுக்கலாம். மருந்தடிக்கிற டேங்க் வைக்கலாம், வேலி போடற கல்லு ஏத்தலாம், அடிபட்ட ஆளைப் படுக்கவெச்சுக் கொண்டு போகலாம்..."

"மச்சான்," என்றார் மாமா.

"இருங்க மாமா. இப்ப முக்கியமானது. தரைக்கும் வண்டியோட வயித்துக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு தெரியுமாக்கா? முப்பத்துமூணு சென்டிமீட்டர்!"

"இப்ப பத்துதான் இருக்கும்," என்றார் பைப்காரர். அளவுகளில் அவர் தவறுவதில்லை.

அக்கா சக்கரங்களைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அலுவலக அறையில் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரிக்காரர்களாகத்தான் இருக்கும். "நீ பேசி முடிடா. வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். சக்கரங்கள் சுற்றின. வண்டி இன்னும் கொஞ்சம் கீழே போனது.

"ரெண்டு சக்கரம்தான் சுத்துது. இதோ, நாலும்." சுவிட்சைத் தட்டினான். நான்கும் சுற்றின. மாமாவின் சட்டை மார்பு வரைக்கும் காப்பி நிறமானது.

"டிஃபரன்ஷியல் லாக் போடறேன். இப்ப நாலும் ஒரே வேகத்துல சுத்தும்."

நான்கும் ஒரே வேகத்தில் சுற்றின. வண்டி மட்டமாக, ஒரு பக்கமும் சாயாமல், வயிறு தட்டும்வரை இறங்கி உட்கார்ந்தது.

"ரொம்ப சமமா இறங்கிச்சு மச்சான். குறை சொல்லக் கூடாது."

"மாமா, கிண்டல் பண்ணாதீங்க. மணி பத்தாகுது. பன்னெண்டுக்கு என் வேலை போகுது."

"அழாதடா. அந்தக் கையேட்டுல மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு போட்டிருக்குமே?"

போட்டிருந்தது. பக்கம் இருபத்தேழு. வண்டியின் முன் பம்பரில் வின்ச் இருந்தது: மின்சாரத்தில் சுற்றும் ஓர் உருளை, அதில் பதினைந்து மீட்டர் கம்பிக் கயிறு, நுனியில் கொக்கி. கயிற்றை இழுத்துப்போய் எதிரே உறுதியான மரம் ஒன்றில் மாட்டி, பொத்தானை அழுத்தினால், உருளை கயிற்றைச் சுருட்டும். வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஆயிரத்து அறுநூறு கிலோ இழுக்கும்.

"உறுதியான மரம்," என்று மாமா வாய்விட்டுப் படித்தார். தலை நிமிர்ந்து பார்த்தார். மூவாயிரத்து இருநூறு மரங்கள் நின்றன. "இவ்வளவுதானா? நான் என்னமோன்னு நினைச்சேன். மரத்துக்கா நம்மகிட்ட பஞ்சம்!"

மாமாவுக்கு மரம் என்றால் உயிர். எது நல்ல மரம் என்று தூரத்திலிருந்தே சொல்வார். வண்டியை விட்டு இறங்கி, சேற்றைத் தாண்டி, காலை உதறிக்கொண்டு, வரிசைகளைக் கண்ணால் அளந்தார். "நாலாம் வரிசை ஏழு. தண்டு பாரு, தூண் மாதிரி. அஞ்சு வருஷத்து மரம்."

"பட்டை உரியக் கூடாது," என்றார் பைப்காரர்.

"அதுக்குத்தான் இந்த அகல நாடா. பக்கம் இருபத்தெட்டு," என்றான் தம்பி. மூன்று பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். தண்டின் அடியில், தொட்டி விளிம்பை ஒட்டி, பத்திரமாக நாடாவைச் சுற்றிக் கொக்கியை மாட்டினார்கள். கயிறு அறுந்தால் வீசியடிக்கும், அதனால் நடுவில் கனமான துணி ஒன்றைத் தொங்கவிட வேண்டும் என்று கையேடு சொன்னது. கைவசம் இருந்த கனமான துணி கம்பெனி கோட்டு. தம்பி கழற்றிக் கயிற்றின் மேல் போட்டான்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க!" பொத்தானை அழுத்தினான்.

வின்ச் முனகியது. கயிறு விறைத்தது. கோட்டு நடுங்கியது. பிறகு நாலாம் வரிசை ஏழாவது மரம், இலை ஒன்றும் உதிராமல், நின்ற வாக்கில், மணலிலிருந்து எழுந்து அவர்களை நோக்கிப் புறப்பட்டு வந்தது.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரம் பாதைக்கு வந்து, சேற்றின் விளிம்பில், வண்டிக்கு நேர் எதிரே நின்றது.

முதலில் பேசியவர் மாமா. "சின்ன மரம்."

"ஆமா மாமா. கொஞ்சம் பெருசாப் பாருங்க."

நாலாம் வரிசை எட்டு அதைவிடப் பெரியது. அதுவும் வந்தது. ஒன்பது வந்தது. பத்து பாதி வழியில் நின்றது. தம்பி "பிடிச்சிருச்சு! பிடிச்சிருச்சு!" என்று கத்தினான். குழாயில் இடறி நின்றிருந்தது. பைப்காரர் குழாயை நகர்த்தியதும் மிச்ச தூரத்தையும் வந்து சேர்ந்தது.

"அண்ணே, ஏன் நகர்த்தினீங்க?"

"குழாய் நசுங்குது தம்பி. புதுக் குழாய்."

"ஒத்தை மரத்தால முடியாதுடா," என்றார் மாமா. "மூணு மரத்தைச் சேர்த்துக் கட்டு. அது கூட்டுப் பலம்."

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று மூன்றையும் சேர்த்து நாடாவால் கட்டினார்கள். மூன்றும் குடும்பப் படத்துக்கு நிற்பவர்கள் மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வண்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை. இருபது வருடமாகத் தொட்டியில் மரம் வளர்க்கிற மாமாவுக்கும் பதினெட்டு வருடமாக அதே தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுகிற பைப்காரருக்கும் மரம் என்றால் இதுதான். இதைவிட உறுதியான மரம் எப்படி இருக்கும் என்று அவர்கள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

மேலாளர் அழைத்தார். மணி பத்து முப்பத்தைந்து.

"என்னப்பா, டெமோ எப்படிப் போகுது?"

"போகலை சார். நிக்குது சார். நல்லா நிக்குது."

"கஸ்டமர் என்ன சொல்றாங்க?"

"இன்னும் பாத்துட்டு இருக்காங்க சார்."

"பன்னெண்டு மணி. ஞாபகம் இருக்கட்டும். கோட்டு எங்க? போட்டிருக்கியா?"

தம்பி கயிற்றில் தொங்கிய கோட்டைப் பார்த்தான். "பயன்பாட்டுல இருக்கு சார்."

பத்து ஐம்பதுக்கு அக்கா திரும்பி வந்தார். நடுப்பாதையில் ஒரு சின்னத் தோப்பு நின்றது. அதன் நடுவே புதைந்த வண்டி, பனியன் போட்ட தம்பி, மார்புவரை சேறாக மாமா. பைப்காரர் மட்டும் சுத்தமாக இருந்தார்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்லம்மா," என்றார் மாமா. "வண்டியை வெளிய எடுக்கறோம்."

"மரமெல்லாம் ஏன் வெளிய நிக்குது?"

மாமா திரும்பி மரங்களைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"டேய் மச்சான்," என்றார் மெதுவாக. "இதெல்லாம் தொட்டிடா."

பைப்காரர் வானத்தைப் பார்த்தார். தம்பி கையேட்டை மூடினான்.

"அக்கா, விடு. நான் போயிடறேன். கடைக்குப் போன் பண்ணி டிராக்டர் வரச் சொல்றேன். மரத்தையெல்லாம் திரும்ப உள்ள வெச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்."

அக்கா காதில் வாங்கவில்லை. மஞ்சள் அட்டைகளைப் படித்துக்கொண்டிருந்தார். நாலாம் வரிசை ஏழு. எட்டு. ஒன்பது. காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துப் பட்டியலில் டிக் போட்டார்.

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"பத்து மணிக்கு," என்றார் பைப்காரர்.

"அம்பது நிமிஷத்துல எத்தனை?"

"பதினொண்ணும்மா. ஒண்ணுக்கு நாலரை நிமிஷம். கடைசி நாலையும் ஒரே கட்டாக் கட்டினோம், இல்லேன்னா இன்னும் ஆகியிருக்கும்."

"எத்தனை பேரு தள்ளினீங்க?"

"யாருமே தள்ளலைம்மா. அதுவா வந்துச்சு."

"நாலாம் வரிசை பதினெட்டை விட்டுட்டீங்களே," என்றார் அக்கா. "பட்டியல்ல அதுவும் இருக்கு."

அதையும் மாட்டினார்கள். அக்காவே பொத்தானை அழுத்தினார். மரம் அவரை நோக்கி வந்தபோது, நேற்று தான் கேட்ட கேள்வி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்; பட்டியலில் பன்னிரண்டாவது டிக்கையும் போட்டார்.

பதினொன்றேகாலுக்கு லாரி வந்தது. லாரியிலிருந்த கிரேன் மரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றியது. டிரைவர் இறங்கி, புதைந்த வண்டியைப் பார்த்து, "அக்கா, ஒரு கயிறு போட்டா ரெண்டு நிமிஷத்துல இழுத்து வெளிய போட்டுடுவேன்" என்றார்.

"தொடாத!" என்றார் அக்கா. டிரைவர் கையை எடுத்துவிட்டார்.

தம்பிக்குப் புரியவில்லை. "ஏன்க்கா?"

"இந்த முன்னாடி இருக்கிற சுருட்டற மெஷின் மட்டும் தனியாக் கிடைக்குமா?"

தம்பி மேலாளருக்குப் போன் செய்தான். வின்ச் தனியாக விற்பனைக்கு இல்லை, வண்டியோடுதான் வரும் என்றார் அவர். மணி பதினொன்று நாற்பது.

"சரி, அப்ப வண்டியோடயே குடு."

"வாங்கறியா? நிஜமாவா? திங்கக்கிழமை புது வண்டி கொண்டுவந்து இறக்கிடறேன்க்கா. பச்சையா, சிவப்பா?"

"புதுசு எனக்கு எதுக்குடா? புதுசு நகரும்."

"என்னக்கா சொல்ற?"

"யோசிச்சுப் பாரு. தரையில சும்மா நிக்கிற வண்டியில கயிறு கட்டி மரத்தை இழுத்தா, வண்டிதான் வழுக்கிட்டு மரத்துகிட்ட போகும். இது நல்லாப் புதைஞ்சு உக்காந்திருக்கு. அதனாலதான் மரம் வந்துச்சு. இடமும் சரியா நடுப்பாதை, ரெண்டு பக்கத்து வரிசைக்கும் எட்டுது. இதே வண்டி, இதே இடம். இதுன்னா வாங்கறேன். இல்லேன்னா வேணாம்."

"அக்கா, இது நாலு சக்கரமும் இழுக்கற வண்டி. காடு மேடெல்லாம் போகும்."

"எனக்குக் காடு வீட்டு வாசல்லயே இருக்கு. எங்க போகணும்?"

"அவ சொன்னா சொன்னதுதான் மச்சான்," என்றார் மாமா. "எழுது, எழுது."

மேலாளரின் மறு அழைப்பு பதினொன்று ஐம்பதுக்கு.

"டெமோ வண்டியையே கேக்கறாங்க சார்."

"டெமோவையா? கீறல், அடி ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல சார். அசையாம இருக்கு."

"அப்பக் குடுத்துடு. எதைக் கேட்டாலும் குடு. விண்ணப்பத்துல பயன்பாடுன்னு ஒரு கட்டம் இருக்கும், அதையும் நிரப்பு. அது இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

பைப்காரரின் முதுகை மேசையாக்கி தம்பி படிவத்தை நிரப்பினான். பயன்பாடு என்ற கட்டத்தில் அச்சடித்த தேர்வுகள் ஐந்து இருந்தன: பண்ணை, காடு, கட்டுமானம், மீட்பு, விளையாட்டு. பேனா ஒவ்வொன்றின் மேலும் நின்று நின்று போனது.

"என்னடா போடப் போற?"

"தெரியலக்கா. கையேட்டுல இல்ல."

"மீட்புன்னு போடு," என்றார் மாமா. "நம்ம ஆளுங்க இடுப்பை மீட்டிருக்கு."

மீட்பு என்று போட்டான். அக்கா கையெழுத்திட்டார். மணி பதினொன்று ஐம்பத்தாறு. தம்பி படிவத்தைப் படமெடுத்து அனுப்பினான். மூன்று நிமிடத்தில் பதில் வந்தது: கோட்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

அடுத்த நாளிலிருந்து பைப்காரர் நடுப்பாதையில் தண்ணீர் விடவில்லை. சேறு ஏப்ரல் மாதத்தில் காய்ந்து இறுகியது.

செப்டம்பர் 29 அன்று கடையிலிருந்து முதல் சர்வீஸுக்கு மெக்கானிக் வந்தார். இன்ஜின் ஆயிலும் வின்ச்சின் கம்பிக் கயிறும் மாற்றினார். கயிற்றின் மேல் போட ஓர் ஆரஞ்சுக் கோட்டு ஆணியில் தொங்கியது. அதுவரை வந்த மரங்கள் ஆயிரத்து நூற்று நாற்பது என்று பைப்காரர் சொன்னார். ஓடிய தூரம் என்ற கட்டத்தில் மீட்டரைப் பார்த்து மெக்கானிக் 212 கிலோமீட்டர் என்று எழுதினார். மார்ச் 31 அன்றும் அதில் 212தான் இருந்தது.